அரை இஞ்ச் கூடக் குறைய

என் பழைய காருக்கு வேறொரு காரின் முன்பக்க சஸ்பென்ஷனைப் பொருத்தலாம் என்று திட்டம். அதற்கான பிராக்கெட்டை வீரபாண்டி லேத் பட்டறையில் செய்து வாங்கினேன்.

இன்று வைத்துப் பார்த்தால் துளைகள் அரை இஞ்ச் தள்ளி நிற்கின்றன. நேராகப் பட்டறைக்குப் போய்க் கத்தினேன்: "அளவு பார்க்கத் தெரியாதா?"

லேத்துக்காரர் நான் கொடுத்த அளவுத் தாளை எடுத்து நீட்டினார். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பழக்கத்தில் அளவுகளுக்குக் கீழே நானே எழுதியிருக்கிறேன்: 'அரை இஞ்ச் கூடக் குறைய இருக்கலாம்.'

"நீங்க எழுதுனபடிதானுங்க செஞ்சேன். பனியன்னா அயர்ன் பண்றப்ப இழுத்து உட்டுக்கலாமுங்க. இரும்பை என்னங்க பண்றது?"

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளை மன்னிப்புக் கேட்கப் போகிறேன். கத்தியபோது அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். கேட்கும்போதும் பத்துப் பேர் வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?