கார்டில் இல்லாத ஏழு படங்கள்

அந்தக் கேமராவுக்கு அடுக்களைப் பக்கம் போக அனுமதி இல்லை. வாசற்கதவை ஒட்டி, செருப்பு அடுக்கும் பலகையின் மேல்தட்டில், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்தான் அது இருக்க வேண்டும். அதைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குடிதண்ணீர்ப் பக்கம் வரலாம். டேங்க்காரரின் மனைவி போட்ட சட்டம் இது.

"எதை எதையெல்லாம் முறைச்சுப் பாத்துட்டு வர்ற கண்ணு அது. அதைக் கொண்டாந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வைக்காதீங்க" என்பாள்.

"பாக்கத்தானே செய்யுது? தொடவா செய்யுது?"

"நீங்க தொடறீங்களே. போங்க, கையைக் கழுவுங்க."

டேங்க்காரர் என்றுதான் அக்கம்பக்கத்தில் அவரைச் சொல்வார்கள். வயது ஐம்பத்திரண்டு. குழாய்ச் சாமான் கடையில் பதினோரு ஆண்டு சரக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலைக்கு வந்து பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. அதுவரை இறங்கிய தொட்டிகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு. அவற்றுக்குள் அவர் கண்டதைச் சொன்னால் கேட்பவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். தொட்டியின் அடியில் விரற்கடைத் தடிமனுக்குக் கொழகொழவென்று படிந்த சேறு. அதில் சிக்கிய தலைமுடி. சுவரோரம் வரிசையாக ஒட்டிய கரப்பான் முட்டைக் கூடுகள். இறகு தனியாகவும் உடல் தனியாகவும் ஊறிக் கிடந்த புறாக்கள் மட்டும் முப்பத்தொன்று. அந்தத் தண்ணீரில்தான் அன்று காலைவரை வீட்டார் வாய் கொப்பளித்திருப்பார்கள்.

கேமரா வாங்கக் காரணம் ஒரு மாடி வீட்டுக்காரர். அவர் வீட்டுத் தொட்டியை மூன்று மணி நேரம் தேய்த்துவிட்டு ஏறி வந்தவரைப் பார்த்து, "உள்ள குளுகுளுன்னு இருக்கும், நல்லாத் தூங்கிட்டு வந்தியா?" என்று கேட்டார் அந்த மனிதர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செய்த வேலைக்குச் சாட்சி வேண்டும் என்று மறுநாளே டேங்க்காரர் கடைக்குப் போனார். படம் எடுக்கும் செல்போன் அவருக்கு ஒத்துவராது. சாதாரண போன்கள் இரண்டை ஏற்கெனவே தொட்டிக்குள் நழுவவிட்டிருந்தார்.

"இருக்கறதுலயே சாதாரணமானது எதுங்க?"

கடைக்காரர் கண்ணாடி அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். "இதுக்குக் கீழ வேணும்னா படம் வரையத் தெரிஞ்ச ஆளைத்தான் கூட்டிட்டுப் போகணும்."

வெள்ளிநிறப் பூச்சு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி இரண்டு செல். பிளாஷ் மட்டும் பளீரென்று அடிக்கும். இருட்டுத் தொட்டிக்கு அது போதும். தேதிதான் அதற்கு நிற்காது. செல்லை மாற்றினால் போதும், 2010 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். தேதி தப்பான படத்தை யார் நம்புவார்கள்? அதனால் டேங்க்காரர் ஒரு சிறிய சிலேட்டு வாங்கினார். அதில் தேதி, இடம், எந்தத் தொட்டி என்று சுண்ணக்கட்டியால் எழுதி, அது ஓரத்தில் தெரியும்படி வைத்துத்தான் ஒவ்வொரு படமும் எடுப்பார். கழுவுமுன் மூன்று, கழுவியபின் மூன்று.

சாட்சி கேட்ட ஜனங்கள் சாட்சி வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. "ஐயோ காட்டாதேப்பா, இப்பதான் சாப்பிட்டேன்" என்பார் ஒருவர். "கழுவினதை மட்டும் காட்டு, போதும்" என்பார் இன்னொருவர். தன் வீட்டுத் தொட்டியில் மிதந்த பல்லியைத் திரையில் பார்த்துவிட்டு டேங்க்காரரைத் திட்டிய அம்மாளும் உண்டு. அவர்தான் அதைக் கொண்டுவந்து போட்டதுபோல அந்தம்மாள் முகம் சுளித்தாள். சேற்றைப் பார்த்து அவருக்குக் குமட்டிய காலம் போய்விட்டது. அந்தச் சுளித்த முகங்கள்தாம் இப்போது குமட்டின.

நாற்பத்தெட்டு வீட்டுக் குடியிருப்பு ஒன்று அவருடைய பழைய வாடிக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே இரண்டு தொட்டி, தரைக்கு அடியில் ஒன்று. அங்கே சங்கச் செயலாளர், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். 2013 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு டேங்க்காரரும் அவர் மனைவியின் தம்பியும் அங்கே போனார்கள். மச்சானுக்கு முப்பத்தெட்டு வயது, கயிறு பிடிப்பது, மோட்டார் போடுவது, வாய் ஓயாமல் பேசுவது அவன் வேலை.

மோட்டார் வைத்துத் தரைத்தொட்டித் தண்ணீரை இறைத்தபின் டேங்க்காரர் உள்ளே இறங்கினார். கால் வைத்ததுமே நாற்றம் வித்தியாசமாக இருந்தது. தேங்கிய தண்ணீரின் பாசி நாற்றம் அவருக்குப் பழக்கம். இது கக்கூஸ் நாற்றம். டார்ச் அடித்தார். கிழக்குச் சுவரில் இரண்டடி உயரத்தில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து கறுப்பாக, கெட்டியாக, மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. சுவரில் நாக்குபோல ஒரு தடம். கீழே அது சேர்ந்து குவிந்த இடத்தில் வெள்ளையாகப் புழு நெளிந்தது. ஆறு மாதத்துக்கு முன் அந்தச் சுவரை ஒட்டித்தான் செயலாளர் தனக்குத் தெரிந்த கொத்தனாரை வைத்துப் புதுக் கழிவுநீர்க் குழாய் பதித்திருந்தார்.

"மாமா, என்ன இருக்கு? புறாவா? சிரிக்கச் சொல்லி எடுங்க!" என்று மேலிருந்து எட்டிப் பார்த்த மச்சான், அடுத்த நொடி ஓடிப்போய்ச் செடி ஓரத்தில் வாந்தி எடுத்தான்.

டேங்க்காரர் சிலேட்டை வைத்து ஆறு படம் எடுத்தார். பிறகு செயலாளரை அழைத்துவரச் சொன்னார். செயலாளர் வந்து, மடித்த கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தொட்டியின் வாயருகே குனிந்தார்.

"சுவரைப் பாருங்க சார், இந்தப் பக்கம்."

பார்த்தார். பார்த்தது கண்ணில் தெரிந்தது. வெடிப்பைச் சுட்டிக்காட்டக் கேமரா பிடித்த கையை உயர்த்திய டேங்க்காரரின் விரல் பட்டனில் பட்டு, பிளாஷ் அடித்தது. இன்னொன்று எடுக்கப் போனால் 'இடமில்லை' என்று திரையில் வந்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: பிரிண்ட் போடக் கொடுத்த மெமரி கார்டை ஸ்டூடியோவிலிருந்து வாங்கவே இல்லை. கார்டு இல்லாவிட்டால் அந்தக் கேமரா தன் வயிற்றுக்குள் ஏழு படம்தான் கொள்ளும். மச்சானை அனுப்பிக் கார்டை வாங்கிவரச் சொல்லி உள்ளே போட்டார். போட்டதும் ஏழும் தானாகக் கார்டுக்குப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டார். மீதிப் படங்களைத் தொடர்ந்து எடுத்தார்.

வேலை முடியும்போது செயலாளர் மறுபடி வந்தார். "என்னப்பா, இப்போதைக்கு இதை யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதே. வீணா பயந்துடுவாங்க. நாளைக்குக் கொத்தனார் வந்துடுவான்."

"சுவரை உடைச்சுக் குழாயை நகர்த்தற வரைக்கும் தண்ணி விடக் கூடாது சார்."

"தெரியும்பா. நான் என்ன குழந்தையா? அந்தப் படத்தையெல்லாம் குடு, கொத்தனாருக்குக் காட்டணும்."

டேங்க்காரர் கார்டைக் கழற்றிக் கொடுத்தார். அது வெள்ளைச் சட்டையின் பைக்குள் போனது. அன்று சாயங்காலமே தொட்டியில் தண்ணீர் விடப்பட்டது அவருக்குத் தெரியாது. கொத்தனார் வந்தானா என்று போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பெரிய மனிதர் சொல்லிவிட்டார், நமக்கென்ன என்று இருந்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் பதினோரு வீட்டில் வயிற்றுப்போக்கு. தரைத்தளத்தில் குடியிருந்த நர்ஸின் நாலு வயதுப் பெண், அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தாள். குடியிருப்பின் பலகையில் செயலாளர் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: தொட்டி கழுவியவரின் அஜாக்கிரதையால் நீர் அசுத்தமடைந்துள்ளது, இனி அவர் வளாகத்துக்குள் அனுமதிக்கப்பட மாட்டார், ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். அறிவிப்பைப் போனில் படம் பிடித்து யாரோ அனுப்ப, மூன்றே நாளில் ஏழு கட்டடங்கள் அவரை வர வேண்டாம் என்றன. ஒரு இடத்தில் காவலாளி, "பீக்காலோட தொட்டியில இறங்கினியாமே?" என்று கேட்டான்.

வெடிப்பைப் பற்றி அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செயலாளர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "என்ன வெடிப்பு? எங்க படம்?"

சனிக்கிழமை மச்சான் வந்தான். "மாமா, இனிமே இது எதுக்கு? கேமராவை எனக்குக் குடுங்க. நல்லதா நாலு படம் எடுத்து அதுக்குப் பாவம் கழியட்டும்."

கார்டு திரும்பி வராததால் கேமரா இத்தனை நாளும் டப்பாவிலேயே கிடந்தது. டேங்க்காரர் டப்பாவைத் திறந்தார். ஓடுகிறதா என்று பார்க்கப் பட்டனை அமுக்கினார். கார்டு இல்லாத கேமரா தன் வயிற்றில் இருந்ததைத் திரையில் காட்டியது. சிலேட்டு. கறுப்பு நாக்கு. புழு. கார்டுக்குப் போகாமல் ஏழும் அப்படியே இருந்தன. ஏழாவது, கீழிருந்து மேலாக எடுத்தது: வட்டமான வெளிச்சத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி, வெடிப்பைப் பார்க்கும் செயலாளரின் முகம். இரண்டு கண்ணும் தெளிவாக இருந்தன.

மச்சான் "அக்கா!" என்று கத்தினான். அடுக்களையிலிருந்து வந்த மனைவி, அதுவரை ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேமராவை வாங்கிப் பார்த்தாள். ஆறு படத்தையும் நிதானமாகப் பார்த்தவள் ஏழாவதில்தான் "ச்சீ" என்றாள்.

"மத்ததெல்லாம் கழுவினா போற அழுக்கு" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தாளு தினம் அந்தச் சின்னக் குழந்தை வீட்டைத் தாண்டித்தானே போவான்? சோறு எப்படி எறங்குது இவனுக்கு?"

மறுநாள் காலை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முப்பத்து நான்கு வீட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். காவலாளி டேங்க்காரரைத் தடுத்தான். நர்ஸ்தான் எழுந்து வந்து, "விடுங்க, அவர் சொல்றதையும் கேட்போம்" என்றாள்.

டேங்க்காரர் கேமராவை அவள் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க நர்ஸம்மா."

செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். "தேதியைப் பாருங்க, 2010 ஜனவரி ஒண்ணு! எந்தக் காலத்துச் சாக்கடையோ!"

"சிலேட்டைப் பெரிசு பண்ணுங்க" என்றார் டேங்க்காரர்.

நர்ஸ் பெரிதாக்கிச் சத்தமாகப் படித்தாள். "பன்னெண்டு, மூணு, பதிமூணு. நாற்பத்தெட்டு வீடு. கீழ்த்தொட்டி. கழுவுமுன்."

"சுண்ணக்கட்டிதானே? எப்ப வேணா எழுதிக்கலாம்" என்றார் செயலாளர்.

நர்ஸ் பட்டனை அமுக்கிக்கொண்டே போனாள். ஏழாவதில் விரல் நின்றது. படத்தைப் பார்த்தாள். தலை நிமிர்ந்து செயலாளரைப் பார்த்தாள். கேமராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. தெரிஞ்சே தண்ணி விட்டிருக்கீங்க. எம்பொண்ணு தண்ணி தண்ணின்னு கேட்டப்பல்லாம் நான் இதைத்தானே டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன்?"

"அதில்லம்மா... ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம்னு... தேவையில்லாத பீதி வேண்டாமேன்னு..."

கேமரா கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒரு பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார், குழாயைத் திறந்தவர் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தார். செயலாளரை எல்லோரும் பிடித்து உலுக்குவார்கள் என்று டேங்க்காரர் எதிர்பார்த்தார். இரண்டு மூன்று பேர் கத்தினார்கள், உண்மைதான். ஆனால் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் எழுந்து டேங்க்காரரைப் பார்த்துத்தான் விரலை நீட்டினார்.

"இதையெல்லாம் எதுக்குய்யா எங்ககிட்ட காட்டறே? இனிமே நான் எப்படி வாயில சோறு வைப்பேன்?"

டேங்க்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குடிக்கும்போது தெரியலியே சார். பாத்தாதான் தப்பா?"

அந்த வாரமே சுவர் உடைக்கப்பட்டுக் குழாய் நகர்த்தப்பட்டது. பலகையில் திருத்தம் ஒட்டப்பட்டது: தொட்டி கழுவியவர் மீது தவறில்லை. நர்ஸே அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினாள். ஏழு கட்டடங்களில் ஐந்து அவரை மறுபடி அழைத்தன. அவர் பெயர் கழுவப்பட்டுவிட்டது. செயலாளர் பதவியை விட்டார். மறுமாதமே சங்கத்துக்கு ஆலோசகர் ஆனார், விவரம் தெரிந்த மனிதர் ஒருவர் வேண்டும் என்று.

செப்டம்பரில், அடுத்த கழுவலுக்கு, அந்தக் குடியிருப்பிலிருந்து கூப்பிடவில்லை. கடைத்தெருவில் பார்த்த நர்ஸ் தானாகவே சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. வேற ஆளை வெச்சுட்டாங்க. உங்களைப் பாத்தாலே அந்தப் படம் ஞாபகம் வருதாம்."

"உங்களுக்குமா நர்ஸம்மா?"

அவள் குழந்தையின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும்தான் அண்ணே" என்றாள், பொய் சொல்லத் தெரியாதவள்.

பத்தாம் தேதி, அதுவும் செவ்வாய்தான், டேங்க்காரர் வேறொரு வேலைக்கு அந்த வழியாகப் போனார். குடியிருப்பு வாசலில் புது ஆள் வாளியும் தேய்ப்பானும் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்கு எதிரே இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"கேமரா எதுவும் வெச்சிருக்கியா?"

"இல்லீங்க. தேய்ப்பான் மட்டும்தான்."

"நல்லது. உள்ள போ."

டேங்க்காரர் சைக்கிளை நிறுத்தினார். கழுத்தில் தொங்கிய கேமராவைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் தொட்டிக்குள் இறங்கியும் ஒருமுறைகூட வாந்தி எடுக்காத மனிதர், சாக்கடை ஓரமாகக் குனிந்து, காலையில் சாப்பிட்டது முழுவதையும் கொட்டினார். கொண்டுவந்திருந்த புட்டித் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.