"எந்தச் சபை தம்பி?"

பல்லாவரம் நெருங்கும்போதே வாடை வந்துவிடும். பம்மல் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை... காலை எலெக்ட்ரிக் டிரெயினில் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கர்ச்சீப்பை எடுப்போம். பவுடர், தேங்காய் எண்ணெய், புதுப் பேப்பர் மை என்று பெட்டியில் இருந்த வாசனையெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. தாம்பரத்தில் வீடு, பாரிமுனையில் கிளார்க் வேலை.

அந்த டிரெயினில் எங்களுக்கு ஒரு கோஷ்டி உண்டு. தலைவன் தனபால். ஆபீஸில் எனக்குப் பக்கத்து டேபிள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே என்னை இழுத்துக்கொண்டு போய்க் கோஷ்டியில் உட்காரவைத்தவன். தாம்பரத்தில் வண்டி காலியாக நிற்கும்போதே பை, கர்ச்சீப் எல்லாம் போட்டு எட்டு இடம் பிடித்துவிடுவான். முழங்கால்களுக்கு மேல் ஒரு துண்டை விரித்தால் சீட்டுக் கச்சேரி ஆரம்பம். பீச் ஸ்டேஷன் வருவதே தெரியாது.

ராஜா என்ற பெயரில் என்ன மதம் என்று தெரியாது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொயரில் பாடுகிறவன் நான் என்பதை அவர்களிடம் சொல்ல ஏதோ ஒரு கூச்சம்.

கூச்சத்துக்குக் காரணம் இருந்தது.

குரோம்பேட்டையில் ஞானமுத்து என்று ஒருவர் ஏறுவார். நாற்பது வயதிருக்கும். எழும்பூரில் ஏதோ ஆபீஸ். ஏறியதும் சட்டைப் பையிலிருந்து சின்னக் கறுப்பு வேதப்புத்தகத்தை எடுப்பார். உதடு மட்டும் அசையும். பிறகு அரை நிமிஷம் கண்ணை மூடுவார். அவ்வளவுதான். யாரிடமும் எதையும் பிரசங்கம் பண்ணியதில்லை.

ஆனால் தனபாலுக்கு அது போதும்.

"இன்னா பாதிரியாரே, இன்னிக்கு மழை வருமா? மேல கேட்டுச் சொல்லேன்!"

அவர் சிரிப்பார். காலியாக இருக்கும் இடத்தில் உட்கார வந்தால் தனபால் பையைத் தூக்கி அங்கே வைப்பான். "ஆள் வருது சார்." ஆள் வராது. ஞானமுத்து எழும்பூர் வரை நின்றுகொண்டே போவார். மறுநாள் அதே முகத்தோடு "குட்மார்னிங்" சொல்வார். எங்களில் யாரும் பதில் சொன்னதில்லை. நானும்தான்...

ஒருநாள் தனபால் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிவிட்டான். அது கை மாறி மாறி என்னிடம் வந்தது.

"படி ராஜா, பாதிரி மாதிரியே இழுத்துப் படி பாக்கலாம்!"

படித்தேன். திறந்த பக்கத்தில் இருந்தது எனக்கு மனப்பாடமான சங்கீத அதிகாரம். எங்கள் சர்ச்சில் சபைப் போதகர் வாசிப்பதைப் போலவே, அதே இழுவை, அதே ஏற்ற இறக்கம்... பெட்டியே சிரித்தது. தனபால் என் முதுகில் தட்டினான்.

ஞானமுத்து மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

எழும்பூரில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வாசல் வரை போனேன். வாங்கிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"நல்லாப் படிச்சீங்க தம்பி. எந்தச் சபை?"

"நான் அதெல்லாம் இல்ல சார். ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது."

"சரிங்க தம்பி" என்று இறங்கிப் போய்விட்டார்.

அவர் நினைத்திருந்தால் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் அன்று முழுக்க உறுத்தியது. அந்த ஞாயிற்றுக்கிழமை கொயரில் நின்றபோது, என் வாய் திறந்திருந்ததே தவிர குரல் வரவில்லை.

திங்கள்கிழமை குரோம்பேட்டையில் அவர் ஏறினார். தனபால் வழக்கம்போலப் பையைத் தூக்கி எனக்கும் ஜன்னலுக்கும் நடுவே வைத்தான். நான் அதை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

"உக்காருங்கண்ணே."

"இன்னாடா, நீயும் அல்லேலூயா ஆயிட்டியா?"

"ஆகல தனபால். பொறந்ததுலேர்ந்தே அதான். உங்கிட்ட சொல்லல, அவ்ளோதான்."

யாரும் சிரிக்கவில்லை. சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் கை நின்றது.

"அப்ப இத்தினி நாளு எங்கள வச்சுதான் வேடிக்கை பாத்தியா?" என்றான் தனபால். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஞானமுத்து உட்கார இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன்.

மறுநாள் எனக்கு இடம் பிடித்திருக்கவில்லை. "ஆள் வருது" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். ஆபீஸிலும் டீக்குக் கூப்பிடுவது நின்றது. பக்கத்து டேபிளில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. ஆறேழு மாதம் கழித்துத்தான் ஒருநாள் "டீ குடிக்க வர்றியா?" என்றான். போனேன். டிரெயினைப் பற்றி இருவரும் பேசவில்லை. அந்தக் கோஷ்டியில் மறுபடி நான் சேரவும் இல்லை.

தினமும் வாசல் பக்கம் ஞானமுத்துவோடு நின்றுகொண்டு போனேன். ஒருநாள், அன்றைக்குப் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அப்பவே தெரியும் தம்பி. அந்த இழுவை ஸ்கூல்ல வராது" என்றார். அடுத்த வருஷம் மதுரைக்கு மாற்றலாகிப் போனார். பிறகு பார்க்கவில்லை.

இன்றும் தாம்பரத்தில்தான் இருக்கிறேன். போன மாதம் ஒரு வேலையாக டிரெயினில் போனேன். பல்லாவரத்தில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பெட்டி முழுக்கத் தலை குனிந்து போனைப் பார்க்கிறது. யார் என்ன படிக்கிறார்கள் என்று பக்கத்து ஆளுக்குக்கூடத் தெரியாது. யாரும் யாரையும் கிண்டல் செய்வதில்லை. நல்லதுதான்.

நானும் அன்றைய வேதபகுதியைப் போனில்தான் வாசித்துக்கொண்டு போனேன்.

இந்த வசதி அன்றைக்கே இருந்திருந்தால்... கடைசிவரை தனபாலோடு சீட்டாடியிருப்பேன். நான் யாரென்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும்கூட.