பொழுது சாய்வதற்குள்

தரணேந்திரனுக்கு அறுபத்தெட்டு வயது. இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டார் ஒருவர் நடத்தும் கூட்டத்தில், அவர் பேசுவதைத் தமிழில் சொல்வது இப்போதைய வேலை. எது நிஜம், எது நடக்கக்கூடியது, உணர்வு எங்கே இருக்கிறது, தினமும் இதே பேச்சுதான். வாய் மட்டும் பேசும். மனசு சலித்துப்போய் எத்தனையோ நாளாயிற்று.

வீட்டில் மனைவி ஜெயமதி பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறாள். கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. "அவங்களுக்கு நினைவு இல்லைங்க" என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒருவேளை இருந்தால்? அந்தக் கேள்விதான் இவரைத் தூங்கவிடவில்லை. சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை, பிள்ளை பெற்ற அன்றுகூட. அதனால் சாயங்காலக் கஞ்சியைத் தாமே வந்து, மந்திரம் சொல்லி, வெளிச்சம் இருக்கும்போதே ஊற்றுவார். வேறு யாரும் தொடக்கூடாது என்று வீம்பு வேறு.

அன்று பௌர்ணமி. கூட்டம் முடிகிற நேரத்தில் ஒருத்தி எழுந்து, "நமக்குள்ள உணர்வு இருக்குன்னு அடுத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுத் தொலைத்தாள். வெளிநாட்டார் முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். வெளியே வந்தால் செங்கம் ரோடு முழுக்க கிரிவல ஜனம், ஆட்டோ நகரவில்லை. இறங்கி நடந்தார், ஓடக்கூடப் பார்த்தார். வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது.

"நீங்க வந்துதான் ஊத்தணும்னு சொன்னீங்க, அதான் தொடல சார்" என்றாள், பார்த்துக்கொள்ள வரும் சந்திரகலா. "வலிப்பு மாத்திரை குடுக்கணும். வெறும் வயித்துல ஆகாது."

அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஊற்றாவிட்டால் வலிப்பு வரும். ஊற்றினால், இவளுக்கு எல்லாம் தெரியும் என்று எட்டு மாதமாக நம்பியதற்கு என்ன அர்த்தம்?

ஜன்னலைச் சாத்தினார். டியூப்லைட்டைப் போட்டார். மந்திரத்தைச் சொல்லி முடித்து, அவள் காதருகே குனிந்தார்.

"ஜெயமதி, இன்னும் பொழுது சாயல. வெயில் இருக்குது. சாப்புடு."

"அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, யாருகிட்ட சார் சொல்றீங்க?" என்றாள் சந்திரகலா.

அவர் கஞ்சியை ஊற்றினார். நாற்பது வருஷத்தில் அவர் சொன்ன எந்தப் பொய்யும் ஜெயமதியிடம் செல்லுபடியானதில்லை. குழாயைவிட்டுக் கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.