மொட்டைக்கு ஒரு சட்டை

துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒற்றிப் பார்ப்பார். சூடு சரியாக இருந்தால்தான் அது பூனையின் முதுகுக்குப் போகும். கடையில் முகம் மழிக்க வருகிறவர்களுக்கும் இதே சோதனைதான். தையல் போட்ட வயிற்றுப் பக்கம் மட்டும் துண்டு போகாது. அங்கே ஈரம் படக்கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு.

முடிவெட்டுகிறவர் வீட்டில் முடியே இல்லாத பூனை. தெருவின் வாய்க்கு இதைவிட அவல் வேண்டுமா? நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிடுவார்கள். "என்னண்ணே, ஆள் வரலன்னு பூனையைப் பிடிச்சு மழிச்சுட்டீங்களா?"

"அவதான் நல்ல வாடிக்கை. வாயே திறக்கிறதில்ல," என்பார், கத்தரி நிற்காமல்.

பூனை மகளுடையது. வெளியூரில் வேலை கிடைத்து விடுதிக்குப் போனவள், இவரிடம் விட்டுப்போனாள். பிறவியிலேயே ரோமம் இல்லாத ஜாதி. தொட்டால் காய்ச்சல்காரர் நெற்றிபோலச் சுடும். ஆனால் எந்நேரமும் குளிரில் சுருண்டு கிடக்கும். அவள் வைத்த பெயர் இவர் நாக்கில் புரளவில்லை. மொட்டை என்றுதான் கூப்பிடுகிறார்.

கருத்தடை அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே ஒரு தப்புச் செய்தார். மழித்த தோலைக் கண்டால் பவுடர் போட்டுப் பழகிய கை. துடைத்து முடித்ததும், கழுத்துப் பிரஷ்ஷால் மொட்டைக்கும் ஒரு பூச்சு. தையல்மேலும் விழுந்துவிட்டது. "கல்யாணப் பொண்ணா இது?" என்று கடிந்துகொண்டே டாக்டரம்மா சுத்தம் செய்தார். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் வளையம் மாட்டினால் வெறும் தோல் உரசிப் புண்ணாகும், அதற்குப் பதில் மெல்லிய சட்டை போடுங்கள் என்றும் சொன்னார்.

நூல் நறுக்கினால்கூட முனை மழுங்கும் என்று கடைக் கத்தரியை யாரையும் தொடவிடாதவர், மகள் விட்டுப்போன பருத்திச் சட்டையின் கையை அதே கத்தரியால் வெட்டினார். கால்களுக்கு ஓட்டை, முதுகில் நாடா.

முன்பெல்லாம் மகள் எப்போதாவது கூப்பிடுவாள். "சாப்டியாப்பா?" என்பதற்கு இவர் "ம்" சொல்வதற்குள் அவளுக்கு அடுத்த வேலை வந்துவிடும். அறுவைக்குப் பிறகு தினமும் பொழுது சாயும்போது வீடியோவில் வருகிறாள். தையலைக் காட்டச் சொல்வாள், சிவந்திருக்கிறதா என்பாள், இன்னும் கிட்டே என்பாள். காட்டும்போது ஃபோன் சாய்ந்து இவர் முகமும் தெரிந்துவிடும். "நீ ஏன்ப்பா இப்படி இளைச்சுட்ட?" என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் யார் கடைக்கு வந்தாலும், "நாளைக்கு வாங்க, முடி எங்கயும் ஓடிடாது," என்று கதவைச் சாத்திவிடுவார்.

இன்று காலை தையல் பிரித்தாயிற்று. நன்றாக ஆறிவிட்டது, இனிச் சட்டை வேண்டாம், தினமும் பார்க்கவும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. இவர் தலையாட்டினார். மதியம் கடை நாற்காலியில் வெயில் காய்ந்த பூனையிடம் மட்டும் சொன்னார்: "கொஞ்சம் மெதுவா ஆறியிருக்கக் கூடாதா மொட்டை?"

பொழுது சாய்ந்தது. ஃபோன் அடித்தது. துவைத்து மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து, ஒவ்வொரு காலாக நுழைத்து, முதுகில் நாடாவை முடிந்தார். பிறகுதான் ஃபோனை எடுத்தார்.