பரங்கிக்காய்க் காடு

ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்குப் பின்னால் தோண்டித் தீர்த்துக் கைவிட்ட ஒரு கிராவல் குவாரி இருந்தது. அதைக் காடாக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். அந்தப் பள்ளத்தில் மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடப்பாரை போட்டால் கைதான் வலித்தது. அதனால் கேண்டீனில் காய் நறுக்கிய கழிவை மட்க வைத்து, குழிக்குக் குழி கொட்டி, வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் நட்டோம்.

எங்கள் கேண்டீனில் எந்நாளும் பரங்கிக்காய் சாம்பார்தான். அதற்காகச் சமையல்காரரோடு நான் போடாத சண்டை இல்லை. அந்தச் சனியனின் விதைகள் எருவுக்குள் உயிரோடு இருந்திருக்கின்றன. ஒரு மழைதான் பெய்தது. குவாரி முழுக்கப் பரங்கிக்கொடி. பிடுங்கி எறியலாம் என்று ஆத்திரத்தோடு போய் விலக்கிப் பார்த்தால், கொடிக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது, கன்றுகள் செழிப்பாக இருந்தன. திட்டக்கூட வழியில்லை.

கொடி காய்த்துத் தள்ளியது. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அக்கா கேட்டார்: "இன்னா சார், இம்மாம் காய் கீது. இத்த இன்னா பண்றது?"

"எங்கயாவது கொண்டுபோய்த் தள்ளுங்கக்கா. என் கண்ணுல படக் கூடாது!"

காயைத் தள்ள அவருக்குப் பக்கத்தில் இருந்த இடம் கேண்டீன்தான்.

மறுநாள் மதியம் தட்டை நீட்டினேன். சமையல்காரர் வாயெல்லாம் பல்லாக, கரண்டி நிறைய ஊற்றினார்.

"இன்னிக்கி சண்ட போடாம சாப்புடு சார். நீ வளத்ததுதான்."