பக்கத்து வீட்டு வாக்குமூலம்

பத்தொன்பது வருடம் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கிய செங்கேணிக்கு, ஊர் திரும்பியபின் சொந்தமாக ஒன்று வாங்க ஏழு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

உத்திரமேரூரில் வங்கிப் பணம் கொண்டுபோகும் வண்டிக்குக் காவல் வேலை. லைசன்ஸோடு வந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மனுக் கொடுத்தார், டாக்டர் சான்றும் வாங்கிக் கொடுத்தார். அதுவரை வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலை வாசலில் தடியோடு நின்றார். அவருக்கு அதில் சலிப்பு இல்லை. “கேட்டவன் கைல எல்லாம் உடனே குடுத்துட்டா ஊரு இன்னா ஆவறது?” என்று மனைவி தேவகியிடம் சொல்வார்.

போலீஸ் விசாரணை மட்டும்தான் உறுத்தியது. பக்கத்து வீட்டு முத்துவேலோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. தன் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் அவர் மனைக்குள் போகிறது என்று வந்த தகராறில், அப்போது லீவில் வந்திருந்த செங்கேணி ஒருநாள் கடப்பாரையைத் தூக்கிவிட்டார். வழக்கு ஏதும் ஆகவில்லை. ஆனால் தெருவே பார்த்தது.

நாலாவது மாதம் ஏட்டு புருஷோத்தமன் வீட்டுக்கு வந்தார். யாரோடாவது தகராறு உண்டா என்று அவர் கேட்டபோது, தேவகி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். செங்கேணிக்கு மறைக்க மனம் வரவில்லை. கடப்பாரை வரைக்கும் சொன்னார். ஏட்டு எழுதிக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார். நடுவில் இடுப்பளவு மதில்தான். பேச்சு அத்தனையும் இந்தப் பக்கம் கேட்டது.

“எனக்கும் அவருக்கும் ஆவாது சார். அது வேற,” என்றார் முத்துவேல். “கடப்பாரைய தூக்கினாரு. நானும் மம்மட்டிய தூக்கினேன். மொதல்ல கீழ போட்டது அவருதான். போட்டுட்டு வூட்டுக்குள்ள போயி கதவ சாத்திக்கினாரு. நான்தான் அரை மணி நேரம் தெருவுல கத்திக்கினு இருந்தேன். கோவத்துல கைல கீறத கீழ வைக்கத் தெரிஞ்ச மனுசன். லைசன்ஸ குடுங்க.”

செங்கேணி எழுந்தார். அப்புறம் மண்வெட்டியை எடுத்துப் போய், சாக்கடையைத் தன் மனைப் பக்கமாக ஒரு முழம் தள்ளி வெட்டத் தொடங்கினார். ஏட்டை அனுப்பிவிட்டு வந்த முத்துவேல் பார்த்தபடி நின்றார். வெட்டிய பள்ளத்தில் செங்கேணி குழாய் பதிக்கும்போது குனிந்து மறுமுனையைப் பிடித்தார்.

“இன்னும் கொஞ்சம் எறக்கு,” என்றார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்களுக்குள் வந்த முதல் பேச்சு அதுதான்.

மூன்று மாதத்தில் லைசன்ஸ் கிடைத்தது. சென்னைக்குப் போய் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கி, காவல் நிலையத்தில் காட்டிப் பதிந்துகொண்டார். இப்போது தினமும் காலையில் பணவண்டியின் பின்கதவருகே நிற்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை. அதில் அவருக்குப் பெரிய நிம்மதி.