இருட்டில் வளர்ந்த பயறு

நனைந்த வைக்கோல், காய்ந்த எரு, முளைவிட்ட பயறு மூன்றும் சேர்ந்து ஒரு மணம் வரும். ஆடி மாதம் எங்கள் ஊரில் முளைப்பாரி போட்டிருக்கும் அறையைத் திறந்தால் முதலில் அந்த மணந்தான் மூக்கில் ஏறும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. செம்பட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், அம்மனுக்கு நேர்ந்துகொண்ட வீடுகளின் சட்டிகளையெல்லாம் ஒரே அறையில் வைத்து, ஜன்னல் இடுக்கைக்கூடச் சாக்கால் அடைத்துவிடுவார்கள். ஆண்களுக்கு அங்கே வேலையில்லை. பெண்கள் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு, வெளியே வந்து கும்மியடிப்பார்கள். வெயிலே படாத அந்தப் பயிர், திருவிழாவன்று தலையில் ஏறும்போது இளமஞ்சளாக முழ உயரத்துக்கு நிற்கும். "பாரி நெடுநெடுன்னு வந்தா மழ உண்டு" என்பார் அம்மா. வராவிட்டால் என்ன என்று கேட்கிற துணிச்சல் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் எடுத்தவர் ரோஸ்லின் டீச்சர். திண்டுக்கல் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதவர். முளைப்பாரியை ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி. சூரிய ஒளி இல்லாவிட்டால் தாவரம் வளராது என்று அவர் பாடத்தை வாசித்தபோது, என் பக்கத்தில் இருந்த பாண்டீஸ்வரி எழுந்து, "எங்க பாரி இருட்டுலதான டீச்சர் அம்புட்டு ஒசரம் வளருது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, புத்தகத்தை மூடிவைத்தார்.

சாமிச் சட்டியைத் தொட அவருக்கு மனமில்லை, ஊரும் தொடவிட்டிருக்காது. அதனால் பள்ளியின் பழைய இரும்பு "பீரோ"வுக்குள் ஒரு சட்டி, ஜன்னலோரம் ஒரு சட்டி என்று பாசிப்பயறு போடச் சொன்னார். ஜன்னல் பயறு குட்டையாகப் பச்சைப்பசேலென்று நின்றது. பீரோப் பயறு அதைவிட நெட்டையாக வெளிறி வளர்ந்து, பின்னொரு நாள் துவண்டு விழுந்தது. "விதைக்குள்ள கட்டுச்சோறு இருக்கு. அது தீர்றதுக்குள்ள வெளிச்சத்தப் பிடிச்சிரணும்னு ஓடுது" என்றார் டீச்சர். அப்புறம் அந்தப் பாடத்தை நாங்கள் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வில்லங்கம் காலாண்டுத் தேர்வில் வந்தது. தாள்களைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் திருத்தினார்கள். இருட்டில் வைத்த பயறு என்ன ஆகும் என்ற கேள்விக்கு, உயரமாக வளரும், மஞ்சளாக இருக்கும், விதையில் சேர்ந்திருந்த உணவு தீர்ந்ததும் சாய்ந்துவிடும் என்று வகுப்பே ஒரே மாதிரி எழுதியிருந்தது. விடைக்குறிப்பில் இருந்ததோ "வளராது" என்ற ஒரே சொல். எல்லோருக்கும் முட்டை, போதாக்குறைக்குக் காப்பியடித்தோம் என்ற பேர் வேறு. பாண்டீஸ்வரி கடைசியில் "நல்ல மழை பெய்யும்" என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்த ஒரு கேள்வியால் எங்களுக்கெல்லாம் மதிப்பெண் குறைந்ததோடு போயிற்று, ஏற்கெனவே விளிம்பில் இருந்த அவள் மட்டும் பெயிலானாள்.

அந்த வருஷம் பாரி நன்றாகத்தான் வந்திருந்தது, மழைதான் வரவில்லை. கிணறு வற்றிப் பாண்டீஸ்வரி வீட்டுப் பூந்தோட்டம் காய்ந்த பிறகு, ஒரு பாடத்தில் போனாலும் நூல் "மில்லு"க்கு வேலைக்குத்தான் என்று அவள் அப்பா சொல்லிவிட்டிருந்தார். டீச்சருக்கும் அது தெரியும். உடனே பீரோவுக்குள் மறுபடி பயறு போட்டார். வாயால் சொன்னால் அந்தப் பள்ளியில் நம்பமாட்டார்கள், கண்ணால் காட்ட வேண்டும் என்றார். பயறோ தன் போக்கில்தான் முளைத்தது. போதுமான உயரம் வந்ததும் வெளிச்சம் படாமல் செய்தித்தாளைச் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனார். திருத்தியவர் நியாயமானவர்தான். சட்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் மதிப்பெண் போட்டுக் கொடுத்தார். மழை வரியை மட்டும் அடித்துவிட்டார்.

பாண்டீஸ்வரி பாஸ். அதைச் சொல்ல டீச்சர் அவள் வீட்டுக்கே போனபோது, மில் வேன் முந்தின வாரமே அவளை மில் விடுதிக்கு ஏற்றிப் போயிருந்தது. கூட்டிவந்துவிடுங்கள் என்று டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "சரிங்க டீச்சர், சொல்லிவிடுறேன்" என்றாராம் அவள் அப்பா. அவள் இடம் அந்த வருஷம் முழுக்கக் காலியாகவே இருந்தது. எனக்குப் பக்கத்தில் வேறு யாரும் உட்காரவில்லை.

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இருட்டறையை இடித்துச் சமுதாயக் கூடம் கட்டியாயிற்று. சட்டிகளின் இடத்தில் பிளாஸ்டிக் பேசின்கள். போன ஆடியில் ஊருக்குப் போனபோது ஊர்வலத்தில் பாண்டீஸ்வரியைப் பார்த்தேன். தலையில் பாரி, கழுத்தில் மாலை. கூடவே நடந்து பேசிக்கொண்டு போகையில், என் மகளின் அறிவியல் புத்தகத்தில் இருட்டில் நெட்டையாக வளர்ந்த செடியின் படமே இருக்கிறது என்று சொன்னேன்.

"அப்ப நான் எழுதுனது சரிதானா?" என்றாள்.

சரிதான், மதிப்பெண்ணும் போட்டுவிட்டார்கள், நீ அன்றைக்கே பாஸ் என்றேன்.

"அப்பா எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

பாரி சாயாமலிருக்க அவள் என் பக்கம் திரும்பவில்லை. வரிசை நகர்ந்தது, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து நடந்தாள்.